கீழவாசலில் அரைக்கிலோ எலி

கனிமொழியின் அப்பா இராஜாங்கம் பயிர்ப் பாதுகாப்பில் இருக்கிறார் என்பது மாணவியர் விடுதியில் எல்லாரும் அறிந்த செய்தி. சொன்னவள் கனிமொழிதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வடக்குநத்தத்தைச் சுற்றி எந்த வயலில் எலி கதிரை வெட்டினாலும், வயலுக்குரியவர் ஆள் அனுப்புவது இராஜாங்கத்துக்குத்தான். மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் பூட்டிய பொறிக்குக் கிட்டி என்று பெயர். மாலையில் அவர் கிட்டிகளை வரப்போரம் நட்டுவிட்டு வருவார். விடிந்ததும் போய் எடுத்து வருவார். அகப்பட்ட எலிகள் பிறகு என்ன ஆகும் என்று விடுதியில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொல்லும் வழக்கம் கனிமொழிக்கும் இல்லை.

ஏழாம் வகுப்பில் ஒருமுறை கேட்டார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில், அவளுடைய டிபன் பாக்ஸில் சிறிய கால் ஒன்று கிடப்பதை ஒருத்தி பார்த்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் கனிமொழிக்கு ஒரு பெஞ்சு தனியாகக் கிடைத்தது. விரிந்து உட்காரலாம், பை வைக்கலாம், வசதிக்குக் குறைவில்லை. அந்த வசதி மீண்டும் வேண்டாம் என்றுதான், தஞ்சாவூர்க் கல்லூரிக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகியும் அவள் விடுதித் தோழி ஒருத்தியைக்கூட வீட்டுக்கு அழைத்ததில்லை.

இந்த ஏற்பாடு லான் வரும்வரை நன்றாகவே நடந்தது.

லான் வியட்நாமிலிருந்து ஓராண்டுப் படிப்புக்காக வந்தவள். மீகாங் ஆற்றுப் படுகையில், நெல் விளையும் ஊரில் பிறந்தவள். தெருச் சந்தைகளையும் உள்ளூர் உணவுகளையும் தேடிப் பார்த்து, பத்து உணவுகளைப் பற்றி எழுத வேண்டும் என்பது லானுக்கும் கனிமொழிக்கும் சேர்த்து வகுப்பில் கொடுத்த வேலை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணத்துக் கடப்பா, திருவையாற்று அசோகா அல்வா, முத்துப்பேட்டை நண்டு என்று ஒன்பது முடிந்தன. லான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கடப்பாவை இரண்டு முறை ஆராய்ந்தாள்.

மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த நேரம். பத்தாவது உணவைத் தேடிக் கீழவாசல் மார்க்கெட்டுக்குப் போனார்கள். அறைத்தோழி தமிழ்நிலாவும் பூ வாங்கவென்று உடன் வந்திருந்தாள். மீன் வரிசையின் கடைசியில் காளியம்மாள் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். லான் அவர் முன் நின்று, வகுப்பில் கற்ற தமிழில் தெளிவாகக் கேட்டாள்.

"அம்மா, வயல் எலி இருக்கிறதா? அரைக்கிலோ வேண்டும்."

"எலி மருந்தா? அது உரக்கடையில கேளு பாப்பா."

"மருந்து வேண்டாம், அம்மா. எலிதான் வேண்டும். சாப்பிடுவதற்கு."

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார். "காளியக்கா, எலி கிலோ என்ன வெல சொல்றீங்க?"

"ஒன்னத் தராசுல ஏத்திட்டுச் சொல்றேன். வேலையப் பாருடா."

"சீ!" என்றாள் தமிழ்நிலா. "கனி, அவள இழுத்துக்கிட்டு வாடி. எனக்கு வாந்தி வருது."

கனிமொழி விலாங்கு மீன் ஒன்றைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விலாங்கில் அதற்கு முன்னும் பின்னும் ஆர்வம் இருந்ததில்லை.

லான் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். தகரத் தட்டில் தோலுரித்த வயல் எலிகள் வரிசையாக இருந்தன. பின்னால் ஓர் அம்மாள் நின்று சிரித்தார். தலைக்கு மேலே பலகையில் ஏதோ எழுதியிருந்தது.

"என் அம்மா. அது அவருடைய கடை. பலகையில் இருப்பது அவருடைய பெயர்."

காளியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, எவ்ளோ அழகா அடுக்கியிருக்காங்க! தோல உரிச்சுட்டுத்தான் நெருப்புல வாட்டணும் போலருக்கு."

"இல்லக்கா, தோலோட வாட்டி மயிர வழிச்சாப் போதும். உரிச்சா கொழுப்பு பூரா போயிரும்" என்றது ஒரு குரல்.

அது தன்னுடைய குரல் என்பதைக் கனிமொழி சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தாள். தவறான செய்முறையைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது அவர்கள் வீட்டில் யாருக்கும் வராது.

தமிழ்நிலா திரும்பினாள். "ஒனக்கு எப்படிடி தெரியும்?"

யூடியூபில் பார்த்தேன் என்றால் அத்தோடு முடிந்துவிடும். அந்த விடை நாக்கு நுனிவரை வந்தது. லானின் அம்மா கைப்பேசிக்குள் தம் பெயர்ப் பலகையின் கீழ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல செய்வோம்" என்றாள் கனிமொழி.

இரவுச் சாப்பாட்டுக்குள் செய்தி விடுதியின் மூன்று மாடிகளுக்கும் போய்விட்டது. கனிமொழி தட்டுடன் உட்கார்ந்ததும், எதிரே இருந்த இரண்டு பெண்களுக்கு ஒரே நேரத்தில் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்நிலா மட்டும் வந்து எதிரே உட்கார்ந்தாள். நெடுநேரம் சப்பாத்தியைப் பிய்த்தாள்.

"கோழி மாதிரி இருக்குமா? ஆடு மாதிரியா?"

"எலி மாதிரி இருக்கும்."

தமிழ்நிலா தலையை ஆட்டிவிட்டுக் குருமாவை ஊற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லான் கனிமொழியோடு வடக்குநத்தத்து வீட்டுக்கு வந்தாள். இராஜாங்கத்துக்கு வியட்நாம் மொழி தெரியாது. லானின் தமிழ் அவருக்கு வானொலிச் செய்தியைப்போல் இருந்தது. இருவரும் ஒரு கிட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணிநேரம் பேசினார்கள். கனிமொழியின் அம்மா தங்கம்மாள் எலிக் குழம்பு வைத்தார். லான் மூன்று முறை சோறு வாங்கினாள்.

அன்று மாலை அறிக்கையை எழுதி முடித்தார்கள். ஒவ்வோர் உணவுக்கும் கீழே தகவல் தந்தவரின் பெயரும் ஊரும் வேண்டும்.

"நீ விரும்பினால், 'ஒரு விவசாயி' என்று எழுதலாம்" என்றாள் லான்.

கனிமொழி பேனாவை வாங்கி, இராஜாங்கம், தங்கம்மாள், வடக்குநத்தம் என்று எழுதினாள். எழுத்து வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக வந்துவிட்டது.

புதன்கிழமை வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். பேராசிரியர் அமிர்தலிங்கம் பத்தாவது உணவை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரும்மா இந்த இராஜாங்கம்?"

கனிமொழி எழுந்து நின்றாள்.

"எங்க அப்பா, சார். தங்கம்மாள் எங்க அம்மா."

அமிர்தலிங்கம் தாளை மறுபடியும் மேலிருந்து கீழாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"புளின்னு போட்டிருக்கே. எலிக்குப் புளி ஊத்துவாங்களா?"

"எங்க பக்கம் ஊத்துவோம், சார்."

"எங்க பக்கம் ஊத்துறதில்ல" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அடுத்த குழுவின் அறிக்கையை எடுத்தார்.