திராட்சரசத்தில் மருந்து

தங்கப்பழத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததற்கு முதல் காரணம், அவர் தன்னைப் பாஸ்டர் என்று கூப்பிட விடாததுதான். வாரமெல்லாம் விசைத்தறி ஓட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை மாடியில் முப்பது பேருக்கு வேதம் சொல்லுவார். "அண்ணாச்சின்னு கூப்பிடுங்க, போதும்" என்பாராம். சும்மா கிடைக்கிற மரியாதையை எவனாவது வேண்டாம் என்பானா?

நான் பெத்துராஜ். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. எத்தனையோ சபைகளின் நோட்டீஸ் என் மெஷினில் ஓடியிருக்கிறது. ஒரு போட்டோ, ஒரு பட்டம், ஒரு தலைமையிடம் இல்லாமல் ஒன்றும் வந்ததில்லை. இவர்களுக்கு மூன்றும் கிடையாது. கீபோர்டு இல்லை, டிரம் இல்லை, வாய்ப்பாட்டுத்தான். ஆதிச்சபை எப்படி இருந்ததோ அப்படியே இருப்போம், புதிய ஏற்பாட்டில் எழுதாதது வேண்டாம் என்கிறார்கள். அவனவன் சொல்வதே உண்மை என்று ஆகிவிட்ட காலத்தில் இப்படிப் பேசினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எக்கேடும் கெடட்டும் என்று விட்டிருப்பேன். என் மகள் ஏஞ்சல் அங்கே போக ஆரம்பித்தாள். பிறந்த நாலாம் மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்து, தெருவுக்கே பிரியாணி போட்ட பிள்ளை.

"அது நீங்க எடுத்த முடிவுப்பா. நானா விசுவாசிச்சு, தண்ணியில முங்கி ஞானஸ்நானம் எடுக்கணும்லா" என்றாள்.

எங்கள் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து மாதம் ஒருமுறை. அங்கே வாராவாரம். திராட்சரசத்தைத் தங்கப்பழமே வீட்டில் காய்ச்சுகிறார். வாராவாரம் எதற்கு? ஆளை மயக்கி வசப்படுத்துகிற இடுமருந்துதான், வேறென்ன! தெருவின் வாட்ஸப் குழுவில் பேசி அனுப்பினேன்: "அந்த ரசத்துல மருந்து கலக்குதான். என் கண்ணால பாத்தேன்."

அது ஊரெல்லாம் சுற்றி ஏஞ்சலின் போனுக்கே வந்தது. அப்பன் குரல் மகளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஆதாரத்தோடு வந்தால் பேசுவாள் என்று, அந்த ரசத்தில் கொஞ்சம் பிடித்துவரக் காலி டானிக் பாட்டில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாடியேறினேன்.

தங்கப்பழம் தறிச் சத்தத்தில் காது மந்தமானவர், கத்தித்தான் பேசுகிறார். பேசி முடித்ததும், "நான் சொன்னதுல வேதத்துல இல்லாதது இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். நானும் விடவில்லை, எழுந்தேன்.

"குழந்தை இயேசுவப் பாக்க மூணு சாஸ்திரிகள் வந்தாங்கன்னியளே, மூணுன்னு எங்க எழுதியிருக்கு?"

மத்தேயுவைப் புரட்டினார். விரல் வைத்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"இல்ல. எண்ணிக்கை போடல. நான் பாக்காமச் சொல்லிட்டேன், தப்பு என்னோடது. எல்லாரும் உங்க வேதத்துலயும் பாத்துக்கிடுங்க." முப்பது பேரும் புரட்டினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

பிறகு, யாரோ போட்ட பேச்சைக் கேட்டு வீட்டுக்காரர் வெள்ளத்துரை மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "யாருன்னு தேட வேண்டாம். அடுத்த வாரம் என் வீட்டுல கூடுவோம்." ஏஞ்சல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரசப் பாத்திரம் என் கைக்கு வந்தது. பாட்டிலை எடுக்கக் கை போகவில்லை, அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளே கேட்டாள். "எங்க நின்னுப்பா பாத்தீங்க?"

அசிங்கமாக இருந்தது. தப்பை ஒத்துக்கொண்டதும் அந்த ஆளின் தந்திரமாக இருக்குமோ என்று அப்போதும் மனசு குடைந்தது.

மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். நாலு தடவை பேசி அழித்தேன். ஐந்தாவது தடவை அனுப்பினேன்: "நான் பெத்துராஜ் பேசுதேன். மருந்து கலந்ததை நான் பாக்கல. பாத்ததாச் சொன்னது பொய்."

சாயங்காலத்துக்குள் குழுவில் பதில்கள் குவிந்தன. வெள்ளத்துரை எழுதியிருந்தது இதுதான்: "பாத்தியளா, பெத்துராஜ் அண்ணாச்சிக்கும் மருந்து வச்சிட்டாங்க. தங்கப்பழம் வீட்டுத் தெருப் பக்கமே போகாதீங்க."

ஏஞ்சலிடம் போனை நீட்டினேன். வாசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியளாப்பா?" என்றாள்.