வரிமீனுக்கு என் பெயர்

கடல் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தது. சதுரங்கப்பட்டினத்துக் கரையில் மொண்டு, நான்கு கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, வைக்கோல் சுற்றி, உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் சித்தப்பா அதை இறக்கினார். மெட்ராஸில் கடல்மீன்களை வளர்த்து ஆராயும் ஏதோ ஓர் ஆபீஸில் அவருக்கு எடுபிடி வேலை. அங்கே கழித்துப்போட்ட ஒரு கண்ணாடித் தொட்டி, பாறைக் குழிகளில் பிடித்த மூன்று மீன், அவற்றின் மூச்சுக்கு ஒரு சைக்கிள் டியூப். டியூபில் காற்றடித்துவிட்டால், அது மெல்லிய குழாய் வழியே கொப்புளம் கொப்புளமாகத் தொட்டிக்குள் பெருமூச்சு விடும். காலையும் மாலையும் பம்பு அடிப்பது என் வேலை. எனக்கு எட்டு வயது. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடையில், எங்கள் கூடத்தில் மட்டும் கடல் இருந்தது.

மூன்று மீனுக்கும் நான் பெயர் வைத்தேன். உடம்பில் கறுப்பு வரி ஓடியது அம்மா. தடித்த உதட்டோடு கல்லடியில் கிடந்தது அப்பா. மண் நிறப் பொடியன் நான். சித்தப்பாவுக்கு மீன் இல்லை. கொண்டுவந்தவருக்கு எதற்கு மீன்? பெயர்களை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததால்தான் அவை அவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டனவோ என்னவோ.

லீவு முடிந்து கிளம்பும்போது சித்தப்பா தொட்டியின் மேல் ஒரு கோடு போட்டார்.

"தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்குச்சுன்னா கெணத்துத் தண்ணி ஊத்துங்க அண்ணி. உப்பு போட்டுடாதீங்க. வெயில்ல தண்ணிதான் போவும், உப்பு உள்ளேயேதான் கீது. ஆனா நல்லா சுத்தமான தண்ணியா ஊத்தணும்."

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். சுத்தம் என்றால் அவளுக்குச் செம்பு. குடிதண்ணீர் வைக்கும் செம்புத் தவலையை அந்த வயிற்றோடு குந்தி உட்கார்ந்து, புளி போட்டு, அது வெட்கப்பட்டுச் சிவக்கும்வரை தேய்ப்பாள். ராத்திரி முழுக்க அதில் இருந்த தண்ணீரை, வீட்டிலேயே உசத்தியான தண்ணீரை, தினமும் மீன்களுக்கு ஊற்றினாள்.

எட்டாம் நாள் காலையில் அப்பா மிதந்தார்.

அப்படித்தான் பார்த்தேன். தடித்த உதடு திறந்திருக்க, வெள்ளை வயிறு மேலே. அன்று மதியம் ரைஸ்மில்லிலிருந்து நிஜ அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். பெல்ட்டில் மாட்டிக் கட்டைவிரல் நசுங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஜுரம் வந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பெரியம்மா பார்க்க வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"கடல இட்டாந்து கூடத்துல வெச்சிக்கினா அது சும்மா இருக்குமா? வாயில்லா ஜீவன் வூட்டுல செத்தா வூட்டாருக்கு ஆவாதும்மா. அதுவும் புள்ளத்தாச்சி கீற வூட்டுல."

"நீ வேற பேஜார் பண்ணாதக்கா," என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, கை வயிற்றுக்குப் போய்விட்டது.

மறுநாள் வரிமீன் சாய்ந்தது. ஒருக்களித்து விழும், நிமிரும், மறுபடி விழும், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நான் பம்பு அடித்தேன். கை கடுக்க அடித்தேன். டியூப் மலைப்பாம்பாக உப்பியது.

"இன்னாடி அது, லாரிக்கா காத்தடிக்கிற?" அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். அவள் திட்டுவது அவ்வளவு இனிப்பாக அதற்கு முன் இருந்ததில்லை. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

மீனைப் போலவே.

தொட்டிக்கு ஓடினேன். பொடியன் ஒரு மூலையில் ஒன்றும் நடக்காததுபோல் துடுப்பாட்டிக்கொண்டிருந்தது. நான் நன்றாகத்தான் இருந்தேன். அது எனக்கு அருவருப்பாக இருந்தது. கண்ணாடியில் வாயை ஒட்டி வரிமீனிடம் சொன்னேன். "நீ அம்மா இல்ல. இனிமே நீதான் நானு. அந்தப் பொடிசுதான் அம்மா." மூன்று முறை சொன்னேன், ஒன்று அதன் காதில் விழாமல் போனாலும் இன்னொன்று விழட்டும் என்று. என் மூச்சு கண்ணாடியில் படிந்து மீன் மறைந்தது. படிந்தது கலைந்து மீன் தெரிந்தது.

உச்சிப்பொழுதில் அது செத்தது. அம்மா எழுந்து உலை வைத்தாள். நான் என் கையை நானே தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அப்பாவின் விரல் நசுங்கியதைக் கேள்விப்பட்டுச் சாயங்காலம் சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு ஜுரம் இறங்கியிருந்தது. அது என் கணக்கில் ஏறவில்லை. சித்தப்பா முதல் வேலையாகப் பொடியனை மொண்டு, ஜாடியில் மீந்திருந்த பழைய கடல்தண்ணீரில் விட்டார். அது பிழைத்துக்கொண்டது.

"தண்ணி எதுல வெச்சி ஊத்துனீங்க அண்ணி?"

"தோ, இதுலதான் தம்பி. தெனம் புளி போட்டுத் தேச்சி..."

அவர் தவலையின் உட்பக்கத்தை விரலால் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நான் ஊத்துனதுலதான் செத்துச்சா? மறைக்காம சொல்லு தம்பி. என் கையால ரெண்டு உசுரு..."

"சேச்சே, இன்னா அண்ணி நீங்க! வெயிலு. கடல் மீனு இந்த ஊரு வெயிலத் தாங்குமா? மனுசனே சுருண்டுகினு கெடக்குறான்."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளாக வயிற்றை விட்டு நகராத கை மெல்லத் தரைக்கு இறங்கியது.

செம்பு கடல்மீனுக்கு விஷம் என்று சித்தப்பா என்னிடம் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றார். அந்தப் பழியை அந்த வயிற்றோடு இருந்தவள் தலையில் எப்படி வைப்பது என்றார். ஆனால் அன்று கதவோரம் நின்ற எனக்கு அது பொய் என்று தெரியாது, யாருக்காகச் சொன்ன பொய் என்றும் தெரியாது. வெயிலாமே, பாவம், இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் என் உயிர் அந்த நிமிடமே எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். பயந்து நின்றவர்கள் இரண்டு பேர் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அம்மா என்னைக் கூப்பிட்டுத் தட்டில் சோறு போட்டாள். இதுதான் கடைசிச் சோறு என்று ஒரு பருக்கை விடாமல் தின்றேன். இன்னும் போடச் சொன்னேன்.

"பாத்தியா தம்பி," என்று அம்மா சிரித்தாள். "ரெண்டு நாளா ஒண்ணுமே துன்னல. நீ வந்ததும் கொழந்தைக்குப் பசி வந்துடிச்சி."