கறார் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் போகாது. மற்றவர்கள் கோபத்தைத் தூங்கிக் கழிப்பார்கள். இவள் காலையில் எழுந்து அதற்கும் சேர்த்துக் காப்பி போடுவாள். கல்யாணத்தன்று தன்னைக் குள்ளம் என்று சொன்ன அத்தானின் சித்தப்பாவோடு இன்றுவரை பேச்சு கிடையாது. அவர் அதை மறந்தே போய்விட்டார் என்பதில் இவளுக்கு இன்னும் எரிச்சல்.

அலமாரியும் சமையலறை மரவேலையும் செய்யும் ஒரு பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் வீடு வீடாகப் போய் அளவெடுத்து வருவேன். அவள் கணினியில் வரைவாள். அவள் வரைந்ததை அறுப்பு இயந்திரம் அப்படியே பலகையில் வெட்டும். நூலளவு பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் பட்டறையில் அவளுக்குப் பெயர் ‘கறார்’. யாரோ விளையாட்டாக அவள் கணினிக்கும் அதையே பெயராகப் போட்டுவிட்டார்கள். அவளும் மாற்றவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

முதலாளிக்கு உடம்பு முடியாமல் போய், அவருடைய மாப்பிள்ளை பொறுப்பேற்றார். வந்த வேகத்தில் ஒரு வரைபடத்தில் கைவைத்தார்.

“சார், அந்த மூலையில கதவு வச்சா டிராயர் திறக்காது” என்றாள் அக்கா.

“கோடு போடற வேலைக்கு இவ்வளவு திமிரா? உங்க கோட்டை யார் வேணா போடலாம். நாளைலேர்ந்து வர வேண்டாம்.”

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், கணினியைக்கூட அணைக்கவில்லை. மாப்பிள்ளை கையோடு புதுக் கணினி வாங்கி அதற்குத் தன் பெயரை வைத்தார், அவள் வரைந்ததையெல்லாம் அதற்கு மாற்றினார், அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். வருகிறவர்களிடமெல்லாம் “நான் போட்ட டிசைன்” என்று காட்டினார். வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

“அதெல்லாம் நான் போட்டதுன்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு” என்றாள் அக்கா. அதற்கப்புறம் அவளுக்கு அதே யோசனைதான். குழம்பில் உப்பில்லை என்று சொல்லப் பயந்து அத்தான் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் ஒரு திட்டம் போட்டு முடிப்பதற்குள் அது நடந்தது. பெரிய குடியிருப்பு ஒன்றின் சமையலறைகள் எல்லாம் எங்கள் பட்டறைக்கு வந்தன. மாப்பிள்ளை பழைய வரைபடத்தைத் திறந்து ஒரு கதவை நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. இத்தனை நாளும் படிக்காமல் தட்டிவிட்ட அறிவிப்பை அப்போதுதான் படித்தார். ‘இந்த வரைபடத்தைக் கறார் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். பார்க்க மட்டும் திறக்கலாம்.’ எதைத் திறந்தாலும் அதே அறிவிப்பு. கணினிக்காரர் வந்து ‘படிக்க மட்டும்’ என்ற குறியை எடுத்துப் பார்த்தார், மறுபடி நகலெடுத்துப் பார்த்தார், தலைகீழாக நின்றும் நடக்கவில்லை. வேறு பெயரில் சேமித்தால், பழைய பெயரையே தேடிய அறுப்பு இயந்திரம் அதை ஏற்கவில்லை.

“உங்க அக்கா வேலைதானே இது?” என்று மாப்பிள்ளை என்மேல் பாய்ந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா திகைத்துப்போனாள். “நான் ஒண்ணுமே பண்ணலையேடி!” அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். அதற்குள் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். அக்கா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள்.

“ஆமா, நான்தான் பூட்டினேன். எல்லார் முன்னாடியும் அது யார் போட்டதுன்னு சொல்லுங்க, திறந்து தரேன்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எப்படிடி திறக்கறது?”

மறுநாள் பட்டறையில் எல்லாரும் கூடி நிற்க, மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இதெல்லாம் இவங்க வரைஞ்சது. நான் பேசினது தப்பு.”

“மெஷின் சத்தத்துல கேக்கலை சார்” என்றார் அறுப்புக்காரர். இயந்திரம் ஓடவே இல்லை. மாப்பிள்ளை இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அறுப்புக்காரருக்குக் கோவில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா எல்லாம் தெரிந்தவள்போல நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு வியர்த்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். எதையெதையோ தட்டினாள். மறைந்திருப்பதையும் காட்டு என்று தட்டியபோது, ஒவ்வொரு வரைபடத்தின் பக்கத்திலும் ஒரு பொடிக் கோப்பு தலைகாட்டியது. அதற்குள் ‘கறார்’ என்ற பெயர். ஒருவர் வரையும்போது இன்னொருவர் கைவைக்காமலிருக்கக் கணினி போடும் காவல் அது. வரைபடத்தை மூடினால் தானே போய்விடும். பழைய கணினி மின்சாரம் போய்ப் போய் அணைந்ததே தவிர, ஒழுங்காக மூடப்பட்டதே இல்லை. அங்கே உட்கார்ந்தவளும் கறார்தான் என்பதால் காவல் அவளைத் தடுக்கவில்லை. புதுக் கணினிக்கு மாற்றும்போது காவலும் கூடவே வந்துவிட்டது.

“அதை அழிச்சா போதும்க்கா” என்று அவள் காதில் சொன்னேன்.

“என் பேரை என் கையாலயே அழிக்கணுமா?” என்று பல்லைக் கடித்தாள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். “சார், கம்ப்யூட்டர்ல உங்க பேரை எடுத்துட்டு கறார்னு போடுங்க. எல்லாம் திறக்கும். வேற வழி இல்லை.”

அவர் போட்டார். எல்லாம் திறந்தது.

திரும்பி வரச் சொல்லி முதலாளியே போனில் கேட்டார். மாட்டேன் என்றுவிட்டாள். அதன்பின் மாப்பிள்ளை தினமும் காலையில் அவள் பெயரைத் தட்டித்தான் வேலையைத் தொடங்கினார். அவர் வரைந்து அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் ‘வரைந்தவர்: கறார்’ என்று வந்தது. “வணக்கம் கறார் சார்” என்று அறுப்புக்காரர் கும்பிடுவதை நான் நடித்துக்காட்ட, அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ஆயுசு பூரா அவன் என் பேர்லயே வரையட்டும்” என்றாள்.

குடியிருப்பில் முதல் சமையலறையைப் பொருத்தி முடித்தோம். அலமாரிக் கதவைத் திறந்தால் அடுப்பில் இடித்தது. அந்த வீட்டம்மா வரைபடத் தாளை வாங்கிப் பார்த்தாள். “யாருங்க அந்தக் கறார்? கண்ணை மூடிட்டு வரைஞ்சாரா?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அக்காவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே போட்டுவிட்டுப் பையை எடுத்தாள்.

“எங்க போறே?” என்றார் அத்தான்.

“பட்டறைக்கு. என் பேர்ல அவன் தப்புத்தப்பா வரைவான், நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கணுமா?”

“அந்தப் பேரை எடுத்துடச் சொல்லேன், தீந்துது.”

“எடுக்கறதா?” வாசலிலிருந்து திரும்பி அவரை முறைத்தாள். “அதுக்கு அவன் போடற கோட்டையெல்லாம் நானே பக்கத்துல உக்காந்து திருத்திட்டுப் போறேன்.”

அன்றிலிருந்து தினமும் போகிறாள்.