முகத்துவாரக்குப்பத்தில் ‘பத்திரம்’ என்றால்

அன்று கோமதியிடம் நான் சொல்லாதது இதுதான்: அந்த வரியை எழுதியவள் நான்.

ஒரு பல்கலைக்கழகத்தின் கற்றல் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். தொலைநிலை மாணவர்கள் ஒப்படைப்புகளைக் கைபேசியிலேயே எழுதி அனுப்பும் இணையதளம் எங்கள் பொறுப்பு. இறுதியாண்டு மாணவி கோமதியின் ஐந்து ஒப்படைப்புகளும் ‘வரவில்லை’ என்று காட்டின. அவை இல்லாமல் தேர்வு நுழைவுச்சீட்டு கிடையாது. அவர் பகுதியிலுள்ள பள்ளி ஒன்று, பட்டம் முடித்துவிட்டால் ஜூனில் அலுவலக வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. தொலைபேசியில் பேசித் தீரவில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நேரில் கிளம்பினேன்.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் காலை 9.10 கும்மிடிப்பூண்டி வண்டி. சீட்டு ஐந்து ரூபாய். திருவொற்றியூர் தாண்டியபின் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. வெள்ளை உடுத்திப் போகாதீர்கள், நான் போனேன். 9.55க்கு எண்ணூர். அங்கிருந்து கோமதி இருக்கும் முகத்துவாரக்குப்பத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய்.

“பேப்பர்லேந்து வர்றியாம்மா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணா, காலேஜ்லேந்து.”

“ஆத்துல கம்பெனி எண்ணெ கலந்தப்போ கேமராவ தூக்கிகினு அத்தினி பேரு வந்தாங்க. அப்பால ஒருத்தனும் காணோம். நீயாவது மறுக்கா வா.”

வாசலில் கோமதியின் கணவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோமதி கைபேசியை நீட்டினார். விடைகள் ஐந்தும் முழுதாக அங்கேயே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பச்சை எழுத்தில் ஒரு வரி: ‘உங்கள் விடை பத்திரமாக இருக்கிறது.’ திரையைக் கீழே தள்ளினால்தான் ‘அனுப்பு’ என்ற பொத்தான் தெரியும். கெடு முடிந்துவிட்டதால் இப்போது அது மங்கிக் கிடந்தது. அவர் ஐந்து முறையும் ‘சேமி’யை மட்டும் அழுத்தியிருந்தார்.

“பத்திரமா கீதுன்னு அதுவே சொல்லுதே மேடம். அப்பறம் இன்னாத்த அனுப்பறது?” என்றார் கோமதி. “இவரு போட்டு கரைக்கு வந்ததும் ஒரே வார்த்ததான் போன்ல சொல்லுவாரு, பத்திரம்னு. நடுக்கடல்ல நிக்கசொல்லோ யாரு அப்டி சொல்லுவாங்க?”

கணவர் தலை நிமிராமல் சொன்னார். “அத்த எழுதுன மகராசன இட்டுகினு வா மேடம். போட்டுல ஏத்தி நடுவுல வுட்டுட்டு, ‘பத்திரமா கீறே நைனா’ன்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

கோமதி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

‘வரைவு சேமிக்கப்பட்டது’ என்றுதான் முதலில் இருந்தது. அது அலுவலகத் தமிழ், ஈரமில்லாதது என்று சண்டை போட்டு மாற்றியவள் நான். நல்ல வாக்கியம் என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது. படிப்பதில் எனக்கு இருந்த ருசி, படிக்கிறவர் எங்கே நின்று படிக்கிறார் என்பதைக் காட்டித்தரவில்லை.

கோமதியின் முறையீட்டுக்காக நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் காரணம் குறிக்க மூன்று கட்டங்கள்: மாணவரின் கவனக்குறைவு, இணையக் கோளாறு, பிற. ‘பிற’வுக்குப் பக்கத்தில் நான்கு வரி எழுத இடம் இருந்தது. நான் ‘இணையக் கோளாறு’ என்று குறித்தேன். அது அவரைக் காப்பாற்றும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

“இது போதுமா மேடம்? சீட்டு வந்துடும்ல?”

“வந்துடும்.”

கிளம்பும்போது இரண்டு சங்கரா மீனைப் பையில் போட்டுத் தந்தார்கள். மதியம் 1.20 வண்டியில் திரும்பினேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில. பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள்; மதியம் லாரிகள் சாலையை அடைத்துவிடும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அவர்களுடையதைக் கேட்காதீர்கள். மாணவரின் கைபேசியில், அவர் விரலாலேயே, எல்லாவற்றையும் உங்கள் முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். கெடுவுக்கு முன்பே போங்கள். படிவத்தில் ‘பிற’ என்ற கட்டம் இருந்தால் அதை நிரப்புங்கள்.

இணைப்புப் பதிவுகளைத் தொழில்நுட்பக் குழு சரிபார்த்தது. கோமதி விடைகளைச் சேமித்த ஐந்து நாளும் இணையம் சீராக இருந்திருக்கிறது. சொன்ன காரணம் பொய் என்று கோமதியின் முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். மார்ச்சில் அந்த வரியை ‘இன்னும் அனுப்பவில்லை’ என்று மாற்றினேன். கோமதிக்கு நுழைவுச்சீட்டு வரவில்லை. ஜூனில் அந்தப் பள்ளி வேறொருவரை எடுத்துக்கொண்டது.