கூறைச்சேலையின் கரை

மேல்வீட்டு மாமி அந்த டிஸ்க்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பிளேயருக்குள் தள்ளியதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. எரிச்சல் அவர்மேல் இல்லை. ரொறன்ரோவிலிருந்து ஒரே மகன் அனுப்பிய கல்யாண வீடியோ அது. விசா கிடைக்காததால் மாமியால் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தானே கூறை எடுப்பது. அதற்காக வெள்ளவத்தையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறியிறங்கி, கரையில் அன்னம் நெய்த கூறைச்சேலை ஒன்றை எடுத்து அனுப்பியிருந்தார். மணவறையில் மருமகள் அதை உடுத்தியிருப்பதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஃபோனுக்கு வந்த படங்களில் சிவப்பு என்பதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை.

பிளேயரோ டிஸ்க்கே இல்லை என்று அடம்பிடித்தது. நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, வரும் வழியில் கீறல் விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். மாமி மகனை ஏச, பாவம், அவன் இன்னொன்று அனுப்பினான். அதுவும் ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் உறையில் இருந்ததை வாசிக்க எனக்குப் புத்தி வந்தது: புளூ-ரே. மாமியிடம் இருந்தது பழைய டீவிடி பிளேயர். வட்டமும் ஒன்று, அளவும் ஒன்று, பிறகேன் ஓடாது என்று அவர் கேட்டதில் பிழையே இல்லை. புளூ-ரேயில் படம் மிக நுணுக்கமாகப் பதிந்திருக்கும், அதை வாசிக்க நீல லேசர் வேண்டும், பழைய பிளேயரின் சிவப்பு லேசருக்கு அது பிடிபடாது என்று விளங்கப்படுத்தினேன். சாதாரண டீவிடியில் போட்டு அனுப்ப இந்தப் பெடியனுக்கு என்ன கேடு என்று எனக்கே கோபம். கேட்டால், அம்மாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியவேண்டும் என்றுதானாம்.

பெருந்தெருவான காலி வீதியில் கேட்ட கடையெல்லாம் கையை விரித்தார்கள். இந்தக் காலத்தில் யார் டிஸ்க் பார்க்கிறார்கள் என்று ஒருவன் சிரித்தான். கடைசியில் இரத்மலானையில், வீடு மாறிப்போகிற ஒருவரிடம் பாவித்த பிளேயர் ஒன்றைப் பிடித்து, சனம் நெரிந்த பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். டீவியில் வயரைச் செருகியதும் படம் வந்தது. அப்படியொரு தெளிவு. தாலி கட்டும் இடத்தில் பெருமையோடு படத்தை நிறுத்தி, நூலைக்கூட எண்ணலாம், பாருங்கோ மாமி என்றேன்.

மாமி எழும்பி டீவிக்குக் கிட்டப் போனார். சேலைக் கரையில் வரிசையாக மாங்காய்கள் இருந்தன. ஒரு அன்னம்கூட இல்லை.

"இது நான் அனுப்பினது இல்லை, தம்பி."

யாரை ஏசுவது? மகனையா, முகம் தெரியாத மருமகளையா, இந்தப் பிளேயரைத் தேடி அலைந்த என்னையா? மங்கலாகவே விட்டிருக்கலாம். ஆறுதலாக ஏதாவது சொல்லத் தெரியாத என்மேல்தான் கடைசியில் கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து மகன் அழைத்தான். இப்போதாவது வடிவாகத் தெரிகிறதா என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் அப்பன், நல்ல தெளிவு. கூறை அந்தப் பிள்ளைக்கு நல்ல வடிவு."