மாப்பிள்ளை மாட்டிய போல்ட்

எங்கள் வீட்டுக் காரை எனக்குப் பிடிக்காது. பிரெஞ்சுக்காரன் காலத்து வண்டி. ஊரை விட்டுப் போன ஒரு துரையிடமிருந்து என் வாப்பா வாங்கியது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறான். அடியில் படுத்து மூஞ்சியில் ஆயில் வாங்குகிறவன் நான். விற்றுத் தொலைக்கலாம் என்றால் வீட்டில் ஒருவரும் விடுவதில்லை.

போன வருஷம் மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தபோது ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. உள்ளே ஸ்டியரிங் தண்டைச் சுற்றித் தாங்குகிற புஷ் என்ற வளையம் தேய்ந்துவிட்டது. தண்டு முழுவதையும் நானே கழற்றினேன். லேத்தில் புது புஷ் கடைந்து வாங்கி வந்தேன். கழற்ற ஒரு ஆள் போதும். மாட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்துத் தண்டின் முனையை ஸ்டியரிங் பெட்டியின் பற்களில் சொருகி, கிளாம்பில் ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்க வேண்டும். அந்த ஒரு போல்ட்தான் எல்லாம். அது விட்டால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

வருகிறேன் என்ற மெக்கானிக் வரவில்லை. "நான் படுக்குறேன் மாமா" என்றார் மாப்பிள்ளை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் மகள் கல்யாணமாகிப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார். வந்த நாளிலிருந்து அவர் விருந்தாளி. மீனில் நடுத்துண்டு அவருக்கு. ஃபேனுக்கு நேர்கீழே இருக்கிற நாற்காலி அவருக்கு. நான் ஊரில் யாரையும் விட்டுவைத்தவன் இல்லை. கறிக்கடைக்காரனோடு சண்டை, பக்கத்து வீட்டோடு சண்டை, சொந்தத் தம்பியோடு பேச்சே கிடையாது. மாப்பிள்ளை எதிரில் மட்டும் என் குரல் தானாக இறங்கிவிடும். என் மாமனார் எனக்குச் செய்த மரியாதையை நான் இவருக்குச் செய்கிறேன், அவ்வளவுதான்.

அவர் காருக்கு அடியில் படுத்ததைப் பார்த்து என் மனைவி பதறிப்போய்த் தலையணை கொண்டுவந்தாள்.

"மாப்பிள்ளையப் போயி வெறுந்தரையில படுக்க வச்சிருக்கீங்களே, யாராச்சும் பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

"நான் முப்பது வருஷமா அதே தரையிலதான் கெடக்குறேன். எனக்கு ஒரு நாளு தலாணி கொண்டாந்தியா?"

"நீங்களும் மாப்பிள்ளையும் ஒண்ணா?"

அடியிலிருந்து மாப்பிள்ளை சிரித்தார். நான் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். தண்டு பற்களில் இறங்கியது எனக்குக் கையில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இறுக்கிவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. வேறு யாராவது என்றால் கேட்டிருக்க மாட்டேன், நானே குனிந்து பார்த்திருப்பேன். அவர் செய்த வேலையை அவர் கண்ணெதிரே சோதித்துப் பார்ப்பது எப்படி?

சாப்பிட்டு முடித்துத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் திரும்பியது. சாயங்காலம் பூவம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சொந்தக்கார வீட்டில் விருந்து. மாப்பிள்ளை ஓட்ட, மகள் முன்னால் ஏறினாள். அவள் நிறைமாசம். மனைவி பின்னால். எனக்கு அந்த வீட்டோடும் பேச்சு கிடையாது, போகவில்லை.

கார் போன பிறகு தலையணையை எடுத்தேன். அதற்கு அடியில் அந்த போல்ட்டுக்கென்று நான் வைத்திருந்த ஸ்பேனர் கிடந்தது. நான் துணியில் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தது. கட்டு அவிழவே இல்லை. அந்த அளவில் வேறு ஸ்பேனர் எங்கள் வீட்டில் கிடையாது.

அப்படியென்றால் போல்ட்டை அவர் இறுக்கவே இல்லை. பற்கள் கவ்வியிருக்கும்வரை போல்ட் இறுகாமலும் வண்டி திரும்பும். அதனால்தான் தெருவில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். எதிரே பஸ்காரன் எப்படி வருவான் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மகள் எடுக்கவில்லை. ஸ்பேனரை மடியில் செருகி, பைக்கைக் கிளப்பிக்கொண்டே மனைவிக்கு அடித்தேன்.

"வண்டிய நிறுத்தச் சொல்லு."

"என்னங்க ஆச்சு?"

"நிறுத்தச் சொல்லுடி!"

"மாப்பிள்ளைகிட்ட நான் எப்படிச் சொல்றது? இவ தூங்குறாளே."

எங்கள் பக்கம் இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தாலும் மாமியார் மாப்பிள்ளையோடு நேராகப் பேசமாட்டாள், மகள் வழியாகத்தான் பேசுவாள். இதைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் நான் சும்மா விடமாட்டேன்.

"போன ஸ்பீக்கர்ல போடு" என்றேன். போட்டாள். நான் என் வாழ்நாளில் முதல் தடவையாக மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினேன்.

"யோவ்! வண்டிய ஓரங்கட்டுய்யா! ஸ்டியரிங்க வெட்டாத, மெதுவா பிரேக்க அழுத்து!"

போனில் ஹாரன் சத்தம், மகளின் அலறல், அப்புறம் ஒன்றுமே இல்லை. பூவம் போய்ச் சேரும்வரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்ன ஓதினேன், எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஓரமாக நின்றிருந்தது. மூன்று பேரும் வெளியே நின்றார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. என் கத்தலில் விழித்துத் திடுக்கிட்டு அலறியதுதான் என்றாள். நான் நேராக அடியில் புகுந்தேன். போல்ட் இருந்தது. விரலால் திருகினால் திரும்பியது. தண்டு தன் இடத்திலிருந்து பாதி மேலே வந்திருந்தது.

"இறுக்கலையா நீங்க?" என்று கேட்டேன். மறுபடியும் 'நீங்க' வந்துவிட்டது, பாருங்கள்.

"கையால மாட்டி வச்சேன் மாமா. கடைசி இறுக்கு நீங்க குடுப்பீங்கன்னு நெனச்சேன். வயசுல பெரியவங்க, உங்க வண்டி. நான் இறுக்கிட்டு வந்தா மரியாதையா இருக்காதுன்னு…"

எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் தண்டைத் தட்டி இறக்கி, ஸ்பேனர் வழுக்கும்வரை இறுக்கினேன். அவசரத்தில் இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் காதருகே வந்தாள். "மாப்பிள்ளைய 'யோவ்'னு கூப்பிட்டீங்களே. ரோட்டுல போறவனையா கூப்பிட்டீங்க?"

"உசுரு இருக்குல்ல, அது போதும்."

மாப்பிள்ளை சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க மாமா."

எனக்குத்தான் ஓட்டத் தைரியம் இல்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. "நீங்களே மெதுவா போங்க, நான் பின்னாடி வர்றேன்" என்றேன். விருந்து வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பினோம். நானே இறுக்கிய போல்ட்தான். இருந்தாலும் முன்சக்கரத்தை விட்டு என் கண் நகரவில்லை. வண்டி லேசாக ஒதுங்கினால்கூட ஹாரனை அழுத்தினேன். கொஞ்ச தூரம் போனதும் மகள் போன் செய்தாள்.

"வாப்பா, ஹாரன நிறுத்துங்க. ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் இவங்களுக்குக் கை நடுங்குது."

நிறுத்தினேன். வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா வந்தேன்.