பேறுகால வீட்டை மீட்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய வாசலுக்கு அவர் ஒரு முறையாவது நன்கொடை கேட்டு வந்திருப்பார். தமக்காகக் கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. உடன்பிறந்தவள் என்ற முறையில் அதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

அண்ணன் பிறந்தது சேரன்மகாதேவியில், பேறுகால வீட்டில். வெளியூர் உறவினர்களுக்காக அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்னொரு காலத்தில் நிலபுலன் உள்ள ஓர் அம்மையார் தம் ஒரே மகளைப் பிரசவத்தில் இழந்தார். பிறகு தாம் வாழ்ந்த மாடி வீட்டையே வயல் வேலை செய்யும் பெண்களின் பேறுகாலத்துக்கென்று எழுதி வைத்துவிட்டார். சாதி கேட்காமல் கதவு திறந்த வீடு அது ஒன்றுதான் என்று எங்கள் அம்மா சொல்வார்கள். நடவு வயலிலிருந்து இடுப்புவலியோடு நேரே அங்கேதான் நடந்து போனார்களாம். அண்ணனும் நானும் அந்த வீட்டில்தான் கண் திறந்தோம்.

அப்பா காலமானபோது அண்ணன் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து என்னை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தார். எனக்குத் திருமணம் முடித்த பிறகே தம் திருமணத்துக்குச் சம்மதித்தார். சொந்தப் பட்டறை வைத்த பின்னும் ஒரு நூலளவு பிசகினாலும் செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வார். முன்கோபம் உண்டு. அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவார்.

ஆண்டுதோறும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து காளி வேடம் கட்டுவது அவருடைய நேர்த்திக்கடன். வேடத்தோடு வீடுவீடாகப் போய்க் காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துவார். சுற்றுவட்டாரம் அவரை அறிந்தது அப்படித்தான்.

அரசு ஆஸ்பத்திரி வந்த பிறகு பேறுகால வீடு பூட்டிக் கிடந்தது. ஓர் ஐப்பசி மழையில் பின்கட்டு சரிந்தது. இடிக்க வேண்டிய கட்டடம் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊர்க் கூட்டத்தில் ஒருவர், “ஆஸ்பத்திரிதான் வந்தாச்சே அண்ணாச்சி, இந்த இடிஞ்ச வீடு எதுக்கு?” என்றார்.

“பேறுகாலத்துக்கு வாற பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில கட்டில் இருக்குவே. கூட வாற தாய்க்காரி எங்கன படுப்பா? மரத்தடியிலயா? வீட்டைப் பழுது பார்த்து அவுகளுக்குக் கொடுப்போம். ரூவாய்க்கு நான் அலையுதேன்” என்றார் அண்ணன்.

அறிவிப்பு ஒட்டிய அதிகாரிகளிடம் அவகாசம் வாங்கிக்கொண்டு, சொன்னபடியே அலைந்தார். பட்டறையைப் பூட்டியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி ஒரு நாள் டவுனில் ஓர் அரிசிக் கடைக்குப் போனார். கடைக்காரர் நாலு பேர் முன்னிலையில், “என்னவே, அம்மன் பேரைச் சொல்லி வாங்கினது இந்த வீட்டுக்குத் திரும்புதா, இல்ல வீட்டுக்குன்னு வாங்குறது வேசத்துக்குப் போவுதா?” என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் நேரே வீடு திரும்பினார். சாப்பிடவில்லை. அண்ணி ஆளனுப்பி என்னை வரச்சொன்னார். நான் போனபோது அண்ணன் காளி கிரீடத்தைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“வீட்டு வேலை முடியுத வரைக்கும் வேசம் கட்ட மாட்டேன். அம்மனுக்கு வாங்குறதும் வீட்டுக்கு வாங்குறதும் ஒரே கையில இருக்கப்பிடாது” என்றார்.

“அம்மன் குத்தம் ஆயிராதாண்ணே?” என்று நான் பதறினேன்.

“ஏட்டி, அம்மன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன். ஊருக்குச் சந்தேகம் வந்துட்டுன்னா யார்ட்ட போய்ப் பேச?”

அந்தத் தசராவுக்கு அண்ணியும் நானும் அவரோடு போனோம். மேளமும் வேடமுமாய்க் கூட்டம் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் வெறும் வேட்டியோடு ஓரமாக நின்றார். மேளம் பக்கத்தில் வந்தபோது அவருடைய கால்கள் தாமாக அசைந்தன. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடன் வேடம் கட்டும் நண்பர்கள் காரணத்தைக் கேட்டறிந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். சில நாளில் அந்த அரிசிக் கடைக்காரரே பட்டறைக்கு வந்தார்.

“வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன் அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய.”

“கேட்டது நல்லதுதான். உம்மை மாதிரி கேக்குத ஆள்தான் எனக்கு வேணும். இனிமே வாற ரூவா எல்லாத்தையும் நீரே வச்சுக்கிடும். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் நீரே கொடும்.”

அவமதித்தவரையே பொருளாளர் ஆக்கியது எனக்கு அப்போது பிடிக்கவில்லை. ஆனால் அவர் பொறுப்பேற்ற பிறகுதான் தயங்கியவர்களும் கொடுத்தார்கள். அந்த வீட்டில் பிறந்து எங்கெங்கோ போனவர்களிடமிருந்தும் பணம் வந்தது. கரையான் அரித்த உத்தரங்களை மாற்றினார்கள். சுண்ணாம்பு அரைத்துச் சுவர் பூசினார்கள். ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள் எல்லாம் அண்ணன் தம் பட்டறையிலேயே செய்தார். கல்வெட்டில் அவர் பெயரைப் பொறிக்கலாம் என்றபோது சண்டைக்கே போய்விட்டார்.

வீடு திறந்ததும் முதலில் தங்க வந்தவர் மலையோரத்து ஊரிலிருந்து மகளின் பிரசவத்துக்காக வந்த ஒரு தாயார். மகளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே போகாமல் வாசலில் நின்றபடி, “அடுப்பு நல்லா எரியுதா தாயீ?” என்று கேட்டார். “எரியுதுய்யா” என்று குரல் வந்தது. அந்த ஒரு சொல்லை எங்களிடம் எத்தனையோ முறை சொல்லி மகிழ்ந்தார்.

அடுத்த தசராவுக்கு மறுபடி காளி வேடம் கட்டினார். அதுவே கடைசி என்று யாருக்கும் தெரியாது. சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும், “மாடி ரூமுக்கு ஃபேன் மாட்டியாச்சா?” என்றுதான் கேட்டார். மாட்டியாயிற்று என்று பொருளாளர் அண்ணாச்சி வந்து சொன்ன மறுநாள் அமைதியாகக் கண் மூடினார்.

அவர் நோயில் கிடந்தபோது தாங்கிய செவிலியர்களுக்கும், பட்டறைத் தொழிலாளர்களுக்கும், இன்றும் அந்த வீட்டைப் பேணிவரும் பொருளாளர் அண்ணாச்சிக்கும், நன்கொடை தந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கொடுக்க இயலாமல் போனவர்கள் மனம் சங்கடப்பட வேண்டாம். அலைந்துவிட்டு வரும் நாட்களில் அண்ணன் அண்ணியிடம், “இன்னைக்கு ஒரு வீட்ல கொடுக்க ஒண்ணுமில்லேன்னு வருத்தப்பட்டாவ. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு மோர் தந்தாவ. வெயிலுக்கு நல்லா இருந்துது” என்பாராம். எந்த வீடு என்று அவர் சொன்னதில்லை. அந்த மோருக்கும் எங்கள் நன்றி.